தேர்தல் பந்தய விலைகளைப் படிப்பது எப்படி: பிரிட்டிஷ் புக்மேக்கர் பலகையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் தேர்தல் நெருங்கினால் கருத்துக்கணிப்புக்குப் பக்கத்திலேயே புக்மேக்கர்களின், அதாவது பந்தயம் ஏற்கும் நிறுவனங்களின், விலையும் செய்தியாகிவிடுகிறது. லேபர் கட்சி 4/7, ரிஃபார்ம் கட்சி 2/1 என்று இரண்டு எண்கள் கண்ணில் பட்டதும் புதியவர்கள் உடனே ‘அப்படியானால் யார் ஜெயிப்பார்?’ என்று கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் கணக்கு சரியாக வந்தாலும் முடிவு தவறாக வரும்.

கடைகளில் இதை ‘ஆட்ஸ்’ என்றும் ‘பிரைஸ்’ என்றும் சொல்வார்கள். இங்கே விலை என்றே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, முழுப் பட்டியல். செய்தியில் வரும் முதல் இரண்டு பெயர்கள் போதாது. அந்தச் சந்தையில், அதாவது அந்த ஒரே கேள்வி மேல் நடக்கும் பந்தயத்தில், விலை போடப்பட்ட எல்லாப் பெயர்களும் வேண்டும். ஆறாவது படியில் எல்லாவற்றையும் கூட்டப் போகிறோம், ஒரு பெயர் விடுபட்டாலும் கூட்டல் பொய்யாகும்.

இரண்டாவது, விலை எடுக்கப்பட்ட தேதியும் நேரமும். நேற்று மாலை விலையையும் இன்று காலை விலையையும் ஒரே அட்டவணையில் கலப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இடையில் ஒரு ராஜினாமா நடந்திருக்கலாம்.

மூன்றாவது, குறைந்தது இரண்டு புக்மேக்கர்களின் விலையும் ஒரு எக்ஸ்சேஞ்சின் விலையும். லாட்புரோக்ஸ், வில்லியம் ஹில், பேடி பவர் போன்றவை புக்மேக்கர்கள். விலையை அவர்களே போடுகிறார்கள். பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்சில் விலை போடுவது எதிரெதிராகப் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள். இந்த வேறுபாடு எட்டாவது படியில் தேவைப்படும்.

நான்காவது, சட்டம். பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர்கள், சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்களில் தேர்தல் பந்தயம் கட்டலாம். இந்தியாவில் அப்படி இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025-இல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பாடம் மட்டுமே. விலையைப் படிக்கப் பணம் கட்ட வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

2. எண்ணுக்கு முன் கேள்வியைப் படியுங்கள்

ஒவ்வொரு சந்தையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதிலை விற்கிறது. ‘அதிக இடங்கள் பெறும் கட்சி’ ஒரு கேள்வி. ‘தனிப் பெரும்பான்மை’ வேறு கேள்வி. ‘அடுத்த பிரதமர்’ மூன்றாவது கேள்வி. மூன்றிலும் ஒரே கட்சி முன்னணியில் இருப்பதால் மூன்றும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள்.

2017 தேர்தலைப் பாருங்கள். கன்சர்வேடிவ் கட்சி 317 இடங்கள் பெற்றது, லேபர் 262. ‘அதிக இடங்கள்’ சந்தையில் கன்சர்வேடிவ் மேல் கட்டியவர்கள் வென்றார்கள். 650 இடங்கள் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 326 வேண்டும். ‘கன்சர்வேடிவ் பெரும்பான்மை’ என்று கட்டியவர்கள் தோற்றார்கள். ஒரே இரவு, ஒரே கட்சி, இரண்டு சீட்டுகள். ஒன்றுக்குப் பணம், மற்றது குப்பைத்தொட்டிக்கு.

அமெரிக்கத் தேர்தலில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. ‘வெல்லும் வேட்பாளர்’, ‘வெல்லும் கட்சி’, ‘நாடு முழுக்க அதிக வாக்கு பெறுபவர்’ என்று தனித்தனிச் சந்தைகள் இருக்கும். 2016-இல் ஹிலாரி கிளின்டன் அதிக வாக்கு பெற்றார், டிரம்ப் அதிபரானார். 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியபோது ‘பைடன்’ என்று கட்டியவர்களின் பணம் அன்றே போயிற்று. ‘ஜனநாயகக் கட்சி’ என்று கட்டியவர்கள் நவம்பர் வரை காத்திருந்து தோற்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் கட்சியின் விலைக்கும் பைடனின் விலைக்கும் இடையே ஒரு இடைவெளி இருந்தது. அவர் வேட்பாளராக நீடிக்க மாட்டார் என்ற சந்தேகத்தின் அளவு அது. இப்படி இரண்டு சந்தைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் மட்டும் தெரியாத தகவல் தெரியும்.

எனவே சந்தையின் தலைப்பை ஒரு முழு வாக்கியமாக உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. தீர்ப்பு விதியைப் படியுங்கள்

பந்தயம் எப்போது, எந்த ஆதாரத்தின்படி முடிக்கப்படும் என்பதைச் சொல்லும் சிறிய எழுத்துப் பத்திதான் தீர்ப்பு விதி. இதைப் படிக்காமல் விலையைப் பேசுவது வீண் வேலை. இருந்தும் பத்தில் ஒருவர் படித்தாலே அதிகம் என்று தோன்றுகிறது.

பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தெரேசா மே எப்போது வெளியேறினார்? 2019 மே 24 அன்று பதவி விலகப் போவதாக அறிவித்தார். ஜூன் 7 அன்று கட்சித் தலைமையை விட்டார். ஜூலை 24 அன்றுதான் பிரதமர் பதவியிலிருந்து இறங்கினார். ‘எந்த மாதம் வெளியேறுவார்’ என்ற பந்தயத்துக்கு மூன்று நியாயமான பதில்கள் இருக்கின்றன. எது செல்லும் என்பதை விதி மட்டுமே சொல்லும். ஒரு நிறுவனத்தின் விதி இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு நிறுவனங்களின் விலையில் புரியாத வேறுபாடு தெரிந்தால் முதலில் விதிகளை ஒப்பிடுங்கள். விலை வேறு என்று நாம் நினைப்பது பல நேரம் கேள்வி வேறாக இருப்பதுதான்.

2020 அமெரிக்கத் தேர்தலில் தொலைக்காட்சி நிறுவனங்கள் நவம்பர் 7 அன்று பைடன் வென்றதாக அறிவித்தன. பெட்ஃபேர் தன் பிரதான சந்தையை டிசம்பர் மத்தியில், அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு வாக்களித்த பிறகே முடித்தது. இடைப்பட்ட வாரங்களில் டிரம்ப் மீது இன்னும் பணம் விழுந்துகொண்டிருந்தது. அந்த நாட்களின் விலையைப் பார்த்து ‘டிரம்புக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது போலும்’ என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த விலையில் அரசியலோடு சேர்த்து, சந்தை எப்போது எப்படி முடிக்கப்படும் என்ற சந்தேகமும் பூட்டிக் கிடக்கும் பணத்தின் செலவும் கலந்திருந்தன.

புக்மேக்கர் முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டார் என்பதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016 அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, கிளின்டன் மேல் கட்டியவர்களுக்கு பேடி பவர் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. நவம்பரில் டிரம்ப் மேல் கட்டியவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. அது விளம்பரச் செலவு. எல்லா நாளிதழ்களிலும் பெயர் வந்ததே, அதற்கான கட்டணம்.

4. பின்ன விலையை நிகழ்தகவாக மாற்றுங்கள்

இப்போதுதான் கணக்கு. பிரிட்டிஷ் கடைகளில் விலை பின்னமாக எழுதப்பட்டிருக்கும். 11/4 என்றால், 4 பவுண்டு கட்டினால் 11 பவுண்டு லாபம். கட்டிய 4 பவுண்டும் திரும்பி வரும், ஆக கையில் 15. கடையில் சீட்டை நீட்டிப் பணம் வாங்கும்போது 15 எண்ணிக் கொடுப்பார்கள். அந்த 15-ஐ நினைவில் வைத்துக்கொண்டால் சூத்திரம் தானாக வரும்.

நிகழ்தகவு = இரண்டாவது எண் ÷ (முதல் எண் + இரண்டாவது எண்). 11/4-க்கு 4 ÷ 15, அதாவது 26.7 சதவீதம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: 4/1 என்பதை நான்கில் ஒன்று, 25 சதவீதம் என்று படித்துவிடுகிறார்கள். சரியான விடை 1 ÷ 5, 20 சதவீதம். 1/1 என்ற சம விலையில் இந்தத் தவறு 100 சதவீதம் என்று விடை தரும். அதைப் பார்த்தாவது பிழையைப் பிடித்துவிடலாம். 4/1-இல் பிழை கண்ணுக்குத் தெரியாது.

முதல் எண் சிறியதாக இருந்தால் அந்த வேட்பாளர் பாதிக்கு மேல் வாய்ப்புள்ளவர். 4/6 என்றால் 6 ÷ 10, 60 சதவீதம். 1/4 என்றால் 80 சதவீதம். 1/50 என்றால் 98.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 80 சதவீதம் என்பது வெல்லும் வாய்ப்பு, வாக்கு விகிதம் அல்ல. கணிப்பில் 52–48 என்று முன்னால் இருக்கும் ஒருவருக்கு 75 சதவீத வாய்ப்பு இருக்கலாம். வாக்குப்பதிவு நெருங்க நெருங்க அதே 52–48 இன்னும் அதிக வாய்ப்பாக மாறும், ஏனென்றால் மாறுவதற்கான நாட்கள் குறைகின்றன.

5. தசமமும் அமெரிக்க முறையும்

தசம விலை எளிது: 1-ஐ விலையால் வகுத்தால் போதும். 3.0 என்றால் 33.3 சதவீதம். பின்ன விலையை வகுத்து 1 கூட்டினால் தசமம் வரும். 11/4 என்பது 3.75.

அமெரிக்க முறையில் +250 என்றால் 100 கட்டினால் 250 லாபம்: 100 ÷ 350, 28.6 சதவீதம். −250 என்றால் 100 லாபத்துக்கு 250 கட்ட வேண்டும்: 250 ÷ 350, 71.4 சதவீதம். பாலிமார்க்கெட், கல்ஷி போன்ற கணிப்புச் சந்தைத் தளங்களில் மாற்றவே வேண்டாம். சரியானால் ஒரு டாலர் தரும் சீட்டு 62 சென்ட்டுக்கு விற்றால் 62 சதவீதம்.

எல்லாவற்றையும் தசமத்துக்கு மாற்றி ஒரே நெடுவரிசையில் வையுங்கள். மூன்று முறைகளையும் கலந்து வைத்துக் கண்ணால் ஒப்பிட முடியாது.

6. புக்மேக்கரின் பங்கைக் கழியுங்கள்

நிகழ்தகவுகளைக் கூட்டினால் 100-க்கு மேல் வரும். கடை நடத்துபவரின் பிழைப்பு அந்த மேல்மிச்சத்தில் இருக்கிறது. அதை ‘ஓவர்ரவுண்ட்’ என்பார்கள். இதைக் கழிக்காத வரை உங்களிடம் இருப்பது கடைக்காரரின் விற்பனை விலை மட்டுமே.

கணக்குக்காக ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். விலைகள்: லேபர் 4/7, ரிஃபார்ம் 2/1, கன்சர்வேடிவ் 10/1, லிபரல் டெமாக்ரட் 33/1, கிரீன் 33/1.

லேபர்: 7 ÷ 11 = 63.6
ரிஃபார்ம்: 1 ÷ 3 = 33.3
கன்சர்வேடிவ்: 1 ÷ 11 = 9.1
லிபரல் டெமாக்ரட்: 1 ÷ 34 = 2.9
கிரீன்: 1 ÷ 34 = 2.9
கூட்டுத்தொகை: 111.9 (தசமங்களைச் சுருக்காமல் கூட்டினால்)

ஐந்து பேரில் ஒருவர்தான் வெல்ல முடியும், ஆக உண்மையான கூட்டுத்தொகை 100. ஒவ்வொன்றையும் 111.9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். லேபர் 56.8, ரிஃபார்ம் 29.8, கன்சர்வேடிவ் 8.1, மற்ற இருவரும் தலா 2.6.

இப்போது வேறுபாட்டைக் கவனியுங்கள். ‘புக்மேக்கர்கள் லேபருக்கு 64 சதவீத வாய்ப்பு தருகிறார்கள்’ என்று எழுதினால் ஏழு சதவீதப் புள்ளி அதிகம். முன்னணி வேட்பாளரின் விலையை மட்டும் மாற்றி எழுதப்படும் செய்திகள் எல்லாவற்றிலும் இந்த வீக்கம் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் வீங்கியிருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

சந்தையின் அளவைப் பொறுத்து இந்தப் பங்கு மாறும். ‘அதிக இடங்கள்’ போன்ற பெரிய சந்தையில் கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருக்கும். பெயர்கள் குவிந்த சந்தைகளில், உதாரணமாக அடுத்த கட்சித் தலைவர் யார் என்பதில், 130-ஐத் தாண்டினாலும் வியக்க வேண்டாம். கூட்டுத்தொகை 100-க்குக் கீழே வந்தால் அதிர்ஷ்டம் என்று துள்ளாதீர்கள். பெரும்பாலும் பட்டியலில் ஒரு பெயரை விட்டிருப்பீர்கள், அல்லது இரண்டு வேறு நேரத்து விலைகளைக் கலந்திருப்பீர்கள்.

7. பட்டியலின் அடியில் உள்ளவர்களை இன்னும் குறையுங்கள்

மேலே செய்த வகுத்தல் எல்லார் மேலும் ஒரே விகிதத்தில் வரி போட்டதாக எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் புக்மேக்கர் அப்படிச் செய்வதில்லை. வாய்ப்பே இல்லாதவருக்கு 500/1 கொடுக்க வேண்டிய இடத்தில் 33/1 கொடுத்தால் போதும், கட்ட ஆள் இருக்கும். தவறி அவர் வென்றுவிட்டால் வரும் பெரு நஷ்டத்திலிருந்தும் அது காக்கிறது. 2015-இல் லேபர் தலைமைப் போட்டி தொடங்கியபோது ஜெரமி கோர்பின் 100/1 அளவில் இருந்தார், செப்டம்பரில் தலைவரானார். அப்படிப்பட்ட ஒரு ஆண்டை எந்தக் கடைக்காரரும் மறப்பதில்லை.

பணம் கட்டுபவர்களும் இதற்குத் துணைபோகிறார்கள். 2024 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் மிஷெல் ஒபாமா போட்டியிடப் போவதில்லை என்று சொல்லியும், பந்தயப் பட்டியலின் மேல்பகுதியில் அவர் பெயர் மாதக்கணக்கில் இருந்தது.

ஆகவே 3 சதவீதத்துக்குக் கீழ் வரும் எந்த எண்ணையும் ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று படியுங்கள். எங்கள் கற்பனைத் தொகுதியில் கடைசி இருவருக்கும் தலா 1 சதவீதம் விட்டு, மிச்சத்தை மேலே உள்ளவர்களுக்குப் பங்கிட்டால் லேபர் 58, 59 அளவில் வரும். இதற்கு நுட்பமான சூத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு தொகுதிக்கான பந்தயத்தில் தசமப் புள்ளி வரை போவது வீண் பெருமை.

8. எக்ஸ்சேஞ்சோடு ஒத்துப் பாருங்கள்

பெட்ஃபேர் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நீலக் கட்டங்களும் இளஞ்சிவப்புக் கட்டங்களும் இருக்கும். நீலம், வெல்வார் என்று கட்டும் ‘பேக்’ விலை. இளஞ்சிவப்பு, வெல்ல மாட்டார் என்று கட்டும் ‘லே’ விலை. ஒவ்வொரு கட்டத்திலும் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு தொகை தெரியும். அந்த விலையில் இப்போது கிடைக்கும் பணம் அவ்வளவுதான். புதியவர்களின் கண் அந்தச் சின்ன எழுத்துக்குப் போவதே இல்லை. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அது.

பேக் 1.62, லே 1.64 என்றும் கீழே ஆயிரக்கணக்கான பவுண்டுகள் என்றும் இருந்தால் நிகழ்தகவு 61-க்கும் 62-க்கும் இடையில். நம்பத்தகுந்த எண். பேக் 1.50, லே 2.20, கீழே 12 பவுண்டு என்று இருந்தால் 67-க்கும் 45-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். அதில் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். ‘கடைசியாக நடந்த விலை’ என்று காட்டப்படுவதும் இதே காரணத்தால் ஏமாற்றும். யாரோ ஒருவர் ஐந்து பவுண்டுக்கு நேற்றிரவு செய்த வியாபாரமாக அது இருக்கலாம்.

எக்ஸ்சேஞ்சில் கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டியே இருக்கும், ஏனென்றால் நிறுவனம் தன் பங்கை வென்றவரின் லாபத்தில் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. புக்மேக்கர் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்த எண்ணும் எக்ஸ்சேஞ்ச் எண்ணும் இரண்டு மூன்று புள்ளிக்குள் இருந்தால் கணக்கு சரி. அதைவிட விலகினால் இரண்டாவது, மூன்றாவது படிகளுக்குத் திரும்புங்கள்.

லே பக்கம் பணம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 6.0 விலையில் 10 பவுண்டுக்கு லே செய்தால், தோற்றால் போவது 50 பவுண்டு. பத்துதானே என்று நினைத்துச் சொடுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

9. விலை நகர்ந்தால் யாருடைய பணம் என்று கேளுங்கள்

‘விலை பாதியாகச் சரிந்தது’ என்ற தலைப்பைக் கண்டால் உடனே நிகழ்தகவுக்கு மாற்றுங்கள். 100/1 என்பது 50/1 ஆனால் 1 சதவீதம் 2 ஆயிற்று, அவ்வளவே. 5/1 என்பது 3/1 ஆனால் 16.7 என்பது 25 ஆகிறது, அது செய்தி.

அடுத்தது, பணத்தின் சொந்தக்காரர். ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குவதா வெளியேறுவதா என்று பிரிட்டன் முடிவு செய்த 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் கட்டப்பட்ட பந்தயங்களின் எண்ணிக்கையில் பெரும்பான்மை வெளியேறும் பக்கம் இருந்தது. பணத்தின் பெரும்பகுதி தங்கும் பக்கம் இருந்தது. ஆயிரம் பேர் தலா 10 பவுண்டு கட்டுவதும் ஒருவர் பத்தாயிரம் கட்டுவதும் விலைக்கு ஒன்றே, வாக்குப்பெட்டிக்கு ஒன்றல்ல. சந்தை பவுண்டுகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2024 இலையுதிர்காலத்தில் பாலிமார்க்கெட்டில் டிரம்பின் விலை மற்ற இடங்களைவிட உயர்ந்தது. அதற்குப் பின்னால் பல கணக்குகளில் பெருந்தொகை கட்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார் என்பது வெளியே வந்தது. தனி ஒருவர் விலையைத் தள்ளுகிறார், ஆகவே அது போலி என்று பலர் ஒதுக்கினார்கள். அவர் தன் சொந்தச் செலவில் கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தார், டிரம்ப் வென்றார். ஒருவரின் பணம் என்பதால் விலை தவறாகிவிடாது, சரியாகியும் விடாது. ஆயிரம் பேரின் கருத்து என்று அதைப் படிக்கக் கூடாது என்பது மட்டுமே விஷயம்.

மூன்றாவது வகை, உள்ளே இருப்பவர்களின் பணம். 2024 மே 22 அன்று அன்றைய பிரதமர் ரிஷி சுனக் ஜூலைத் தேர்தலை அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்பு அவருக்கு நெருக்கமான எம்.பி. ஒருவர் ஜூலையில் தேர்தல் வரும் என்று 5/1 விலையில் 100 பவுண்டு கட்டியது பின்னர் தெரியவந்தது. சூதாட்ட ஆணையம் விசாரித்து 2025 ஏப்ரலில் 15 பேர் மேல் குற்றச்சாட்டு பதிந்தது. ‘எந்த மாதம் தேர்தல்’, ‘யார் அமைச்சர்’ போன்ற, ஒரு சிலருக்கு மட்டும் விடை தெரிந்த சந்தைகளில், காரணமே தெரியாமல் விலை சரிந்தால் அதைக் கவனிக்க வேண்டும். அங்கே வெளியாள் பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

10. தொகுதி விலைகளைக் கூட்டும்போது

650 தொகுதிகளுக்கும் விலை இருக்கும்போது ஒவ்வொன்றிலும் முன்னணியில் இருப்பவரை எண்ணி ‘புக்மேக்கர் கணிப்பு’ என்று வரைபடம் போடும் வழக்கம் உண்டு. தவறான முறை. பத்துத் தொகுதிகளில் ஒரு கட்சிக்குத் தலா 60 சதவீதம் இருந்தால் முன்னணி எண்ணிக்கை பத்து என்று காட்டும். எதிர்பார்க்க வேண்டியது ஆறு. முன்னணியை எண்ணாமல் நிகழ்தகவைக் கூட்டுங்கள், அதுவும் ஆறாவது படி முடிந்த பிறகு.

அந்த ஆறும் உறுதியான எண் என்று நினைக்க வேண்டாம். தொகுதிகள் சேர்ந்தே சாயும். கருத்துக்கணிப்பு ஒரு பக்கமாகத் தவறினால் எல்லாத் தொகுதியிலும் தவறும். பத்தும் கிடைக்கலாம், இரண்டே கிடைக்கலாம். ஒன்றோடொன்று பிணைந்த முடிவுகளை ஒரே சீட்டில் பெருக்கிக் கட்ட புக்மேக்கர்கள் பொதுவாக அனுமதிக்காததற்கும் இந்தப் பிணைப்பே காரணம்.

11. தேர்தல் இரவில் விலையைத் துரத்தாதீர்கள்

பொதுத் தேர்தலில் இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த கணமே தொலைக்காட்சிகளின் வாக்குச்சாவடிக் கணிப்பு வரும். நீங்கள் எண்ணைப் படித்து முடிக்கும் முன் விலை மாறிவிட்டிருக்கும். அந்த நிமிடத்தில் பழைய விலையைக் கண்டு சொடுக்குபவர் பெரும்பாலும் யாரோ விட்டுச்சென்ற தவறான பக்கத்தைத்தான் வாங்குவார்.

2016 ஜூன் 23 இரவு இதற்கும் மோசம். அன்றைய பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு வாக்குச்சாவடிக் கணிப்பே இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் தங்கும் பக்கத்தின் விலை 90 சதவீதத்தைத் தாண்டியது. அன்று வெளியான ஒரு கணிப்பும், வெளியேறும் பக்கத்தின் முக்கியத் தலைவர் நைஜல் ஃபராஜ் தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் பேசியதும்தான் ஆதாரம். நள்ளிரவை ஒட்டி நியூகாசில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தங்கும் பக்கம் நின்றது. அடுத்துச் சண்டர்லேண்ட் 61 சதவீதத்தோடு வெளியேறும் பக்கம் சாய்ந்தது. விலை புரண்டது. விடிவதற்குள் வெளியேறும் பக்கம் 51.9 சதவீதத்தில் வென்றது.

இரவில் விலையைப் பார்க்க விரும்பினால், ஒவ்வொரு ஊருக்கும் எந்த எண் வந்தால் சமநிலை என்பதை மாலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டர்லேண்டின் எண்ணை அப்படி ஒரு பட்டியலோடு ஒப்பிட்டவர்களுக்கு அன்றைய இரவு நேரத்தோடு புரிந்தது.

12. கட்டுவதென்றால், உங்கள் எண் முதலில்

பலகையைப் பார்க்கும் முன் உங்கள் மதிப்பீட்டை எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது பலகையின் எண்ணை ஒட்டியே வரும்.

பிறகு உங்கள் நிகழ்தகவைத் தசம விலையால் பெருக்குங்கள். உங்கள் மதிப்பீடு 35 சதவீதம், விலை 3.0 என்றால் 1.05. ஒன்றுக்கு மேல் இருந்தால் விலை உங்களுக்குச் சாதகம். ஆனால் 35 என்று எழுதிய கை 32 என்றும் எழுதியிருக்கலாம்; அப்போது 0.96. உங்கள் பிழையையும் தாங்கும் அளவுக்கு இடைவெளி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து முடியும் சந்தையில் 1.05 போதவே போதாது, பணம் அதுவரை வட்டியில்லாமல் முடங்கும்.

விருப்பமான கட்சியின் மேல் கட்டாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். வெறுக்கும் கட்சியின் மேல் ‘தோல்விக்கு ஆறுதலாக’ கட்டுவதும் அதே நோய்தான். இரண்டிலும் விலை பார்க்கப்படுவதில்லை. கட்டும் பழக்கம் கைமீறுவதாகத் தோன்றினால் பிரிட்டனில் ‘கேம்ஸ்டாப்’ என்ற இலவச ஏற்பாட்டில் பதிந்துகொள்ளலாம். உரிமம் பெற்ற எல்லா இணையப் பந்தய நிறுவனங்களும் உங்கள் பெயரை மறுக்க வேண்டும்.

பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒரு அட்டவணை வையுங்கள். தேதி, சந்தையின் முழு வாக்கியம், உங்கள் எண், பங்கைக் கழித்த சந்தை எண், வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி எண், முடிவு என்று ஆறு நெடுவரிசைகள் போதும். ஒரு தேர்தலை வைத்து ‘சந்தை ஏமாந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது. 2016 வாக்குப்பதிவு நாளில் டிரம்புக்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருந்தது. அத்தகையவை அவ்வப்போது நடக்கத்தான் வேண்டும். வரிசைகள் சேர்ந்த பிறகு 20 சதவீதம் என்று நீங்கள் எழுதியவற்றை மட்டும் தனியே வடிகட்டுங்கள். ஐந்துக்கு ஒன்று நடந்திருந்தால் உங்கள் மதிப்பீடு சரி. ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் பட்டியலின் அடியில் உள்ளவர்களுக்கு நீங்களும் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஏழாவது படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.